ஆணி இல்லாத தார்க்கம்பு

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் பெருமாள்புரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். தார்ப்பாய் கட்டிய நிழலில் பத்தமடைப் பாயை விரித்து, நடுவில் பகடைகளைக் கொட்டிவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க இருட்டிவிடும். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட விளையாட்டு அது. பலகை, காய் எதுவும் இல்லாமலே ஆடலாம். ஒருவர் கதையையும் உலகத்தையும் நடத்துவார், அவரை டி.எம். என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஒரு காரியம் பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது பக்கப் பகடையை உருட்டிப் பார்ப்போம். நாங்கள் வைத்திருப்பது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. பேச்செல்லாம் எங்கள் ஊர்த் தமிழ்தான்.

எங்கள் டி.எம். கட்டிய உலகம் பாளையங்களின் உலகம். பொதிகை மாதிரி ஒரு மலை, அதிலிருந்து இறங்கும் ஒரு ஆறு, ஆற்றோரம் சின்னச் சின்னக் கோட்டைகள், காட்டில் பூதங்கள். முதல் ஆட்டத்தை அவர் ஒரு சிறையுடைப்பில் தொடங்கினார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பிய சம்பவம்தான் அதற்கு வித்து. பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்தே எனக்கு அதில் ஒரு ஏக்கம் உண்டு. ஊமைத்துரையின் பெயரை எல்லாரும் சொல்வார்கள். உயிரைப் பணயம் வைத்து அவரை மீட்கப் போனவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அதனால் யார் யார் என்ன பாத்திரம் என்று டி.எம். கேட்டபோது, "நான் வேலைக்காரனா வாரேன்" என்று சொன்னேன். அவருடைய தங்கைக்கு ஒரு பாளையத்தின் இளவரசி பாத்திரம். பெயர் செங்கமலம். நான் அவளுடைய வீட்டு ஆள் பேச்சிமுத்து.

ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சிமுத்துவாக இருந்துவிட்டேன். விசுவாசமான வேலைக்காரன் என்ற பாத்திரத்தை உருவாக்க நினைக்கிறவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரம் ஆட்டம் நன்றாக இல்லை. காரணம் நான்தான். செங்கமலம் எது சொன்னாலும் "சரிங்க தாயி" என்பேன். கதவைத் திற என்றால் திறப்பேன், அடி என்றால் அடிப்பேன். அதுதான் விசுவாசம் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது வாரம் முடிந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது டி.எம். கேட்டார்: "மக்கா, ஒன் ஆளு அவ சொல்லுததத்தான் செய்யுதான். அப்ப ஒன்ன எதுக்குக் கூப்பிட்டேன்? அவளே ரெண்டு தடவ பகடைய உருட்டிக்கிடுவாளே." அவர் தங்கை அதைவிட முக்கியமான ஒன்றைச் சொன்னாள்: "அண்ணே, நீங்க எல்லாத்துக்கும் சரின்னா எனக்குப் பயமா இருக்கு. தப்பாப் போச்சுன்னா எம் மேலதான விழும்."

இந்த இரண்டாவது பேச்சு என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டும் வேலைக்காரன் எஜமானுக்கு உதவியே செய்வதில்லை. முழுப் பாரத்தையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறான்.

அந்த வாரம் கேரக்டர் ஷீட்டை, அதாவது பாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் தாளை, மறுபடி எடுத்துப் பார்த்தேன். பாத்திரத்துக்கு வலிமை, சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்கள். அவற்றுக்குப் பங்கிட 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்கள். எட்டு என்பது குறை. எதற்காவது அதைக் கொடுத்தாக வேண்டும். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் அறிவுக்குக் கொடுத்திருந்தேன். வேலைக்காரன் என்றால் விவரம் கெட்டவன் என்று என் கை தானாக எழுதியிருக்கிறது. அதைப் பார்த்ததும் மனசு கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் என் தாத்தாவே ஒரு வீட்டு ஆள்தான்.

அவர் தாமிரபரணிக் கரையில் ஒரு பெரிய வீட்டில் வில்வண்டி ஓட்டினார். இருபது வயதில் போனவர், வண்டி போய்க் கார் வந்த பிறகும் அங்கேயே தொழுவத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஆச்சி அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு கிணற்றுப் பாத்தியதை வழக்கில் அந்த வீட்டார் தாத்தாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்களாம். சொல்லச் சொன்னது பொய். தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "மொதலாளி, ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டியப் பூட்டச் சொன்னாலும் பூட்டுதேன். இது மட்டும் என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வேலை போய்விட்டது என்று ஆச்சி ராத்திரி முழுக்க அழுதாளாம். விடிந்தது. தாத்தா எப்போதும் போல எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினார். அந்த வீட்டாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முடியாது என்று சொன்னவர் மறுநாள் காலையிலும் போய் நின்றார். பேச்சிமுத்துவுக்கு எது இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நம் கதைகளிலும் இது இருக்கிறது. இராவணன் செய்தது தவறு என்று கும்பகர்ணனுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே சொல்கிறான், பிறகு அவனுக்காகவே போய்ச் சாகிறான். வீடணனும் அதே தவறைச் சொல்லுகிறான், ஆனால் விலகிப் போகிறான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தைக்குள் இந்த இரண்டு பேருமே மோதிக்கொண்டு நிற்கிறார்கள். பாத்திரம் உருவாக்கும்போது உங்கள் ஆள் எந்த இடத்தில் கும்பகர்ணன், எந்த இடத்தில் வீடணன் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பேச்சிமுத்துவுக்கு நான் எழுதியது: "பசித்தவன் சோற்றில் கை வைக்கச் சொன்னால் வைக்க மாட்டான்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் வாயில் பேச்சு தானாக வர ஆரம்பித்தது.

எட்டை அறிவிலிருந்து எடுத்துச் சுறுசுறுப்புக்கு மாற்றினேன். சின்ன வயதில் மாடு மிதித்து இடது பாதம் நைந்தவன், கொஞ்சம் நொண்டுவான். பதினைந்தை விவேகத்துக்குக் கொடுத்தேன். எதிரே நிற்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கண்டுகொள்வதும், சுற்றி நடப்பதைக் கவனிப்பதும் இந்த ஆட்டத்தில் விவேகத்தின் கீழ்தான் வரும். முகத்தைப் பார்த்தே பசியைத் தெரிந்துகொள்கிற ஆளுக்கு இதுதானே பலம். சண்டையில் அவன் போர்வீரன் வகை. ஆரம்பத்திலேயே ஒரு சண்டைமுறையைத் தேர்ந்தெடுக்கலாம். நான் எடுத்தது பாதுகாப்பு முறை. கையில் கேடயம் இருக்க வேண்டும். நம் பக்கத்தில், 5 அடிக்குள் நிற்கிற ஒருவரைப் பகைவன் தாக்கினால் நாம் குறுக்கே கேடயத்தை நீட்டலாம். உடனே பகைவன் பகடையை இரண்டு தடவை உருட்டி, குறைந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் இது நடக்கும். வேலைக்காரப் பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. அந்த 5 அடிதான் ஆட்டத்தையே மாற்றுகிறது. எஜமான் எங்கே நகர்ந்தாலும் நீங்களும் நகர்ந்தாக வேண்டும், கண்ணை எடுக்கவே முடியாது. இன்னொன்று, உங்கள் முறை வரும்போது அடிப்பதற்குப் பதிலாக ஒருவருக்குக் கைகொடுக்கலாம். அப்போது அவர் இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார். நிறைய பேர் இதை மறந்தே போய்விடுகிறார்கள்.

ஆயுதமாகக் கையில் ஒரு தடி. விதிப்புத்தகத்தில் அது வெறும் தடி. பேச்சிமுத்துவுக்கு அது தார்க்கம்பு. மாட்டைக் குத்துவதற்கு நுனியில் ஆணி வைத்த கம்பு. தாத்தாவின் தார்க்கம்பு எங்கள் வீட்டு உத்திரத்தில் இன்னும் சொருகித்தான் கிடக்கிறது. மூங்கில், கைபட்ட இடம் மட்டும் எண்ணெய் பூசிய மாதிரி கறுத்து மினுங்கும். நுனியில் ஆணி இருக்காது, ஓட்டை மட்டும்தான். மாட்டைக் குத்த மனசு வராமல் தாத்தா பிடுங்கிப் போட்டிருப்பார் என்று சின்ன வயதிலேயே நான் முடிவுசெய்திருந்தேன். அதை அப்படியே பேச்சிமுத்துவுக்கும் கொடுத்தேன். ஷீட்டில் பொருட்கள் பகுதியில் "தார்க்கம்பு 1, ஆணி இல்லை" என்று எழுதினேன்.

ஆரம்பிக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய ஒரு வேலையை நான்காவது வாரம்தான் செய்தோம். எங்கள் பக்கத்தில் எஜமான், வேலைக்காரன் என்பது கற்பனை மட்டும் கிடையாது. யார் திண்ணையில் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும், யாரை யார் "லே" போட்டுக் கூப்பிடலாம் என்பதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் காயமாகவோ கூச்சமாகவோ இருக்கிறது. எங்களில் ஒரு தோழி தெளிவாகச் சொன்னாள்: "வெளையாட்டுக்குக்கூட ஒருத்தர வாசல்ல நிறுத்திச் சோறு போடுத காட்சி வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்." அவள் சொன்னது நியாயம். அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசினோம். இந்த உலகத்தில் பிறப்பை வைத்து வேலை கிடையாது என்று முடிவானது. பேச்சிமுத்து கூலி பேசிச் சேர்ந்தவன், வேண்டாம் என்றால் போகலாம். யாராவது "போதும்" என்றால் காரணம் கேட்காமல் காட்சியை நிறுத்திவிட வேண்டும். புதையல் கிடைத்தால் பாத்திரம் வேலைக்காரனாக இருந்தாலும் எல்லாருக்கும் பங்கு சமம். உங்கள் ஊர் எதுவாக இருந்தாலும் இந்தப் பேச்சை முதல் நாளே பேசிவிடுங்கள். குறிப்பாக, இளவரசி பேச்சிமுத்துவுக்குக் கட்டளை போடலாம், எனக்குப் போடக்கூடாது. பேச்சிமுத்து என்ன செய்வான் என்பதை நான்தான் சொல்வேன்.

அப்புறம் கூப்பிடுகிற முறை. விதிப்புத்தகம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது, ஏனென்றால் ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். தமிழில் ஆடினால் வாயைத் திறந்த முதல் நொடியிலேயே நீ என்பதா நீங்க என்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம் இது என்பேன். பேச்சிமுத்து அவளைத் தூக்கி வளர்த்தவன். அதனால் தனியாக இருக்கும்போது "தாயி, நீ", சபையில் "நாச்சியார், நீங்க". கோபம் வந்தால் தனியாக இருக்கும்போதும் "நீங்க" என்பான். இதை நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ஒருநாள் காட்டுப் பாதையில் நடந்து போகையில், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். இரண்டு நிமிஷம் கழித்து அவள் சட்டென்று நிமிர்ந்து, "அண்ணே, பேச்சிமுத்து எம் மேல கோவமா இருக்கானா?" என்று கேட்டாள். பகடை உருட்டாமலே கண்டுபிடித்துவிட்டாள். அவளும் "ஏய் பேச்சி" என்பதிலிருந்து "பேச்சி" ஆகி, பின்னால் சொல்லப்போகிற களஞ்சியச் சம்பவத்துக்குப் பிறகு "பேச்சியண்ணே" ஆனாள். ஒரு உறவு எத்தனை தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க எங்களுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

விசுவாசம் கூடிக் குறைவதை எப்படிக் கணக்கு வைப்பது? இதற்கு நான் பழைய பதிப்பு ஒன்றிலிருந்து கடன் வாங்கினேன். 1981-ல் வந்த அடிப்படைப் பதிப்பில் கூட வருகிற ஆட்களுக்கு மன உறுதி என்று ஒரு எண் உண்டு. தலைவனின் வசீகரம் சராசரி என்றால் 4 ஆட்கள் வரை வைத்துக்கொள்ளலாம், அவர்களுடைய மன உறுதி 7. சோதனை வரும்போது இரண்டு ஆறுபக்கப் பகடையை உருட்டி, அந்த எண்ணுக்கு மேல் வந்துவிட்டால் ஆள் நிற்க மாட்டான். 7 என்றால் 36-ல் 15 தடவை கைவிட்டுப் போய்விடுவான். ஐந்தாம் பதிப்பிலும் இந்த நினைப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிரபுப் பின்னணி எடுத்தவர் விரும்பினால் மூன்று பணியாட்களை வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வீட்டு வேலை செய்வார்கள், சண்டைக்கு வர மாட்டார்கள், அடிக்கடி ஆபத்தில் தள்ளினாலோ கொடுமைப்படுத்தினாலோ போய்விடுவார்கள் என்று விதியே சொல்கிறது.

பேச்சிமுத்து என்னுடைய பாத்திரம், அவன் போவதும் இருப்பதும் என் இஷ்டம். ஆனாலும் ஷீட்டின் மூலையில் பென்சிலால் 7 என்று எழுதிவைத்தேன். கருத்துக் கேட்டால் ஒன்று ஏறும். பலர் முன்னால் அதட்டினால் ஒன்று இறங்கும். அவன் சாப்பிட்டானா என்று ஒருநாள் அவள் கேட்டாள், ஏற்றிவிட்டேன். ஒரு வருஷத்தில் இரண்டு தடவைதான் அதை வைத்து உருட்டியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வாரமும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவன் குரலைத் தீர்மானிப்பேன்.

சீக்கிரமாக இன்னொன்று சொல்லிவிடுகிறேன். வேலைக்காரனுக்கு மற்ற வீட்டு வேலைக்காரர்களைத் தெரியும். கோட்டைக்குள் எங்களுக்குக் கிடைத்த நல்ல துப்பெல்லாம் படித்துறையிலும் வண்டிப்பேட்டையிலும் அடுப்படியிலும் கிடைத்ததுதான். இளவரசி சபையில் பேசிக்கொண்டிருக்கும்போது பேச்சிமுத்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். நீங்கள் மந்திரவாதியாக இருந்தாலும் இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

இனி களஞ்சியத்துக்கு வருகிறேன். பகைப் பாளையத்தார் செங்கமலத்தின் தம்பியைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய நெற்களஞ்சியத்தைக் கொளுத்திவிட்டால் கோட்டைக்காவல் முழுக்க அங்கே ஓடும், அந்த நேரத்தில் தம்பியை மீட்டுவிடலாம். நல்ல திட்டம்தான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவள் பந்தத்தை என் பக்கம் நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை.

"தாயி, இது ஊர்ச்சோறு. உள்ள இருக்கது அவன் நெல்லு இல்ல."

"எந் தம்பி உள்ள இருக்கான், பேச்சி."

"வேற வழி சொல்லு, நொண்டிக்கிட்டே முன்னால போறேன். இதுக்கு மட்டும் என்னால ஏலாது."

மாடியில் ஒருவரும் பேசவில்லை. கீழே தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அவள் முகம் சிவந்துவிட்டது. "அப்ப இங்கயே கெட" என்று சொல்லிவிட்டு, பந்தத்தைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கொளுத்த மாட்டான் என்பதை நான் பகடையிடம் விடவில்லை, அது அவனுடைய கோடு. ஆனால் இவ்வளவு பேச்சு வாங்கிய பிறகு அவள் பின்னால் போவானா? அதற்கு உருட்டினேன். அன்றைக்கு மூலையில் இருந்த எண் 8. விழுந்தது ஐந்தும் இரண்டும். வெறுங்கையோடு, கேடயத்தை மட்டும் மாட்டிக்கொண்டு, ஐந்தடி தள்ளி நொண்டிக்கொண்டே போனான்.

களஞ்சிய வாசலில் அவள் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவள் சொல்லவில்லை. பிறகு பந்தத்தை வாய்க்காலில் போட்டுவிட்டு, "மடை வழியாப் போலாம்" என்றாள். அந்த மடையில்தான் காவல்காரன் ஒருவன் அம்பை விட்டான். நான் கேடயத்தை நீட்டினேன். டி.எம். முதலில் உருட்டியது 19. அவளிடம் மிச்சம் இருந்த உயிருக்கு அது போதும். இரண்டாவது பகடை பாயைத் தாண்டி உருண்டு தண்ணீர்ச் சொம்பில் முட்டி நின்றது. 4. குனிந்து பார்த்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

முதலிலேயே நான் பந்தத்தை வாங்கிக் கொளுத்தியிருந்தால் அந்த மாலை ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும். இப்போதும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த மடையைப் பற்றி யாராவது பேசிவிடுவோம்.

போன மாதம் டி.எம்.மின் தங்கை தார்க்கம்பைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தேன். அவள் நுனியில் இருந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு ஆச்சியிடம் கேட்டாள்: "ஆச்சி, மாட்டு மேல இரக்கப்பட்டுத் தாத்தாவே ஆணியப் புடுங்கிட்டாகளாமே?"

ஆச்சி வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "அவுக எங்க புடுங்குனாக? நாந்தான் புடுங்குனேன். பயப்புள்ளைக்கு அப்ப ரெண்டு வயசு, தவழ்ந்துகிட்டுத் திரிவான், கண்ணுல குத்திரும்லா. அவுக ரெண்டு நாளு எங்கூடப் பேசல. அப்புறம் அப்படியே ஓட்டப் பழகிட்டாக."

டி.எம்.மின் தங்கை என்னைப் பார்த்தாள். பேச்சிமுத்துவுக்கு ஒரு மனைவி உண்டா, பிள்ளை உண்டா, ராத்திரி அவன் எந்த வீட்டுக்குப் போகிறான் என்று இந்த ஒரு வருஷத்தில் நான் ஷீட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. அவளும் கேட்டதில்லை. அன்றைக்கு ராத்திரி பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "தார்க்கம்பு 1, ஆணி இல்லை" என்பதற்குப் பக்கத்தில், "பிடுங்கியது இசக்கியம்மாள்" என்று எழுதினேன். அவளுக்கும் ஆறு எண்கள் பங்கிட வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சிமுத்து செங்கமலத்திடம் ஒரு நாள் விடுப்புக் கேட்கப் போகிறான்.